பாட்டியின் பெயர் எழுதாத ஏடுகள்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் கடற்கரை வீதியில் சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. காரைதீவு பெரும்பாலும் சைவத் தமிழர் வாழும் ஊர். வடக்கிலும் தெற்கிலும் முஸ்லிம் ஊர்கள். கிழக்கே கடல், மேற்கே வயல். கோயிற் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் சொல்லாவிட்டால், ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று வழிப்போக்கர் அறிவது கடினம். இவ்வூர்களில் கல்யாணப் பேச்சு எழும்போது, முதியோர் தவறாமல் கேட்டுவந்த வினா ஒன்றுண்டு: “என்ன குடி?”

இவ்வினாவுக்குரிய விடை தந்தைவழியே வருவதன்று. தாய் எந்தக் குடியோ, பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடியிற் பிறந்த ஆணும் பெண்ணும் உடன்பிறந்தார் முறையினர். அவர்கள் தம்முள் மணஞ் செய்தல் ஆகாது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனா குடி என்று மட்டக்களப்புத் தமிழகத்தில் வழங்கும் குடிப்பெயர்கள் பல. அக்கரைப்பற்று முஸ்லிம்களிடையே வரிசைநாச்சி குடி, ராசாம்பிள்ளை குடி என்ற பெயர்கள் வழங்கியதை, 1969 முதல் அவ்வூரில் ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பதிவு செய்துள்ளார். தூய தமிழ்ப் பெயர்களைக் குடிப்பெயராகக் கொண்டு, தொழுகைக்கு மக்காவை நோக்கி நிற்கும் மக்கள் அவர்கள். கோயிலில் குடியின் சார்பாக வண்ணக்கர் இருப்பது போலப் பள்ளிவாசலில் குடியின் சார்பாக மரைக்கார் இருப்பார். குடிக்குள்ளே ‘வயிற்றுவார்’ என்ற கிளைப் பிரிவும் உண்டு. வயிற்றிலிருந்து வார்ந்து வந்த வழி! உறவின் தொடர்ச்சியை எதனால் அளந்தனர் என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது.

தம் முன்னோர் யாவர் என்று தேடும் ஆர்வம் இன்று பெருகி வருகிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளரும் பிள்ளைகள் தம் வம்சாவளியை வரைந்து தருமாறு ஊரிலிருக்கும் உறவினரைக் கேட்கின்றனர். ஆவணக் காப்பகத்திற்கும் பதிவகத்திற்கும் மனுக்கள் எழுதப்படுகின்றன. இது நல்ல ஆர்வமே. ஆயினும் இக்கரையைச் சேர்ந்த ஒருவர் கடதாசியை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் எங்கே போய்ச் சேர்வார் என்பதை நாம் சற்றே ஆராய வேண்டியிருக்கிறது.

இலங்கையில் வம்சாவளி தேடுவோர் முதலில் பேசுவது ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளைப் பற்றியே. பதினெட்டாம் நூற்றாண்டில் கொழும்பு, காலி, யாழ்ப்பாணப் பகுதிகளில் ஒல்லாந்தக் கம்பனி காணிகளையும் குடும்பங்களையும் ஏடுகளில் எழுதிவைத்தது. எதற்காக? மக்களின் மூதாதையர் நினைவைப் பேணுவதற்காக அன்று. வரியும் ஊழியமும் எவரிடமிருந்து பெறலாம் என்று அறிவதற்காக. தலைக்கு ஒரு தோம்பு, நிலத்துக்கு ஒரு தோம்பு என இரண்டாக வகுத்ததிலேயே அவ்வரசின் கண் எங்கே இருந்தது என்பது விளங்கும். உழைக்கும் உடலும் விளையும் மண்ணுமே அதற்குப் பொருள். இன்று நாம் பாட்டன் பெயரைக் கண்டு மகிழும் அந்த வரி, அன்று அவருக்குச் சுமையாக விழுந்த வரி.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1867ஆம் ஆண்டு முதல் பிறப்பு இறப்புப் பதிவு நாடளாவிய ஒழுங்காயிற்று. அதனுடன் காணி உறுதிகள், நொத்தாரிசின் ஏடுகள், வழக்கேடுகள் முதலியன சேர்ந்தன. இவற்றுள் உறுதியே ஆராய்வோனுக்கு அதிகம் பேசும் என்பது நமது கருத்து. ஒரு வளவின் நான்கு எல்லைகளையும் உறுதி கூறும்போது, வடக்கே இன்னாருடைய வளவு, தெற்கே இன்னாருடைய தோட்டம் என்று அயலாரையும் பெயர் சொல்லிச் செல்கிறது. இரு சமூகத்தாரும் அடுத்தடுத்து வாழ்ந்த இடங்களில், ஒருவர் காணியின் எல்லையில் மற்றவர் பெயர் வந்தே தீரும். அரசியல் மேடையில் பிரித்துப் பேசப்படும் இரு சமூகங்களை நொத்தாரிசின் பேனா ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுப் போகும்.

உறுதியில் இன்னுமொரு சிறப்புண்டு. இக்கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கல்யாணமாகும்போது வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் வேறொரு வீடு கட்டி விலகுவர். இளையவள் கல்யாணத்துக்கு அதுவும் போய்விடும். மணமகன் மனைவியின் வீட்டில் வந்து குடியேறுவான். ஆகவே ஒரு வளவைச் சுற்றி அக்காவும் தங்கையும் அவர்தம் பெண்மக்களும் வாழ, ஆண்கள் அவ்வளவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களாக இருப்பர். தமிழ்நாட்டிற் காயல்பட்டினத்து முஸ்லிம்களிடமும் பெண்ணுக்கு வீடளிக்கும் இவ்வழக்கம் உண்டு. சீதன உறுதிகளை வரிசைப்படுத்திப் படித்தால், தாய், மகள், மகளின் மகள் என்று ஒரு பெண்வழி தெளிவாகத் தோன்றும். பதிவேடு காட்டாத பாட்டியை உறுதி காட்டுகிறது.

பதிவேடு ஏன் காட்டவில்லை? சுதந்திரத்திற்குப் பின் வழங்கப்பட்டு நம்மிற் பலர் கையிலிருக்கும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்போம். தந்தையின் விபரம், தாயின் விபரம், பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்ற கேள்வி. அதன்பின் பாட்டன் இலங்கையிற் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். தந்தை இலங்கையிற் பிறவாதவராயின் பூட்டனைப் பற்றியும் ஒரு கூடு. பாட்டனுக்கும் பூட்டனுக்கும் இடமுண்டு. பாட்டிக்கு இல்லை. குடி என்ற சொல்லுக்கும் இல்லை.

இக்கூடுகளின் பின்னணி வம்சாவளி ஆர்வமன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அதன் பின்னணி. இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தந்தை இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. மலையகத் தோட்டங்களில் உழைத்த ஏறத்தாழ ஏழு இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். கணக்கை எளிமையாகப் போட்டுப் பார்க்கலாம். 1948இல் முப்பது வயதான ஒருவரின் பாட்டன் 1860ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். பூட்டன் 1830ஐ ஒட்டி. பிறப்புப் பதிவு நாடளாவியதோ 1867இல். இல்லாத ஏட்டிலிருந்து பிரதி கொண்டுவா என்று கேட்டது அரசு! காரைதீவிலும் நிந்தவூரிலும் கொழும்பிலும் வாழ்ந்தோரிற் பெரும்பாலோரும் அத்தகைய சான்றைக் காட்டியிருக்க முடியாது. அவர்களிடம் எவரும் கேட்கவில்லை, அவ்வளவே வேற்றுமை. 1964இல் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி பிறகு பேசப்படும் என்றது. பெருங்குடும்பங்கள் இரு கரைகளிலுமாகப் பிளந்தன. நாடற்றோர் சிக்கலைத் தீர்ப்பதற்கான சட்டமொன்று 2003இல் வந்தது. தாய்வழியாகவும் பிரசாவுரிமை பிள்ளைக்குச் சேரலாம் என்ற திருத்தமும் அதே 2003இற்றான் வந்தது. அரசின் கண்ணுக்குத் தாய் தெரிவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இது புதிதாகத் தோன்றிய குருடன்று. முன்னாளில் மட்டக்களப்பில் முக்குவர் சட்டம் என்ற வழமை நிலவிற்று. முதுசச் சொத்து ஆணின் கையிலிருந்து அவன் பிள்ளைகளுக்குப் போகாமல் அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. கிறிஸ்தோபர் பிரிட்டோ இவ்வழமையை 1876இல் நூலாக வெளியிட்டார். அதே 1876இல் வந்த 15ஆம் இலக்க விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதன் வேரை அறுத்தது. நூல் அச்சேறிய ஆண்டிலேயே அது கூறும் சட்டம் சாகத் தொடங்கியது. ஆயினும் வழக்கம் சட்டப் புத்தகத்தைக் கேட்டு நடப்பதில்லை. முதுசம் போயிற்று; சீதனம் நின்றது. மருமகன் பெற்ற உரிமை மறைந்தது. மகள் பெற்ற வீடு நிலைத்தது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். தாய்வழி என்றதும் தாயாட்சி என்று சிலர் புளகாங்கிதம் அடைகின்றனர். அஃது அன்று. பழைய முக்குவர் வழமையில் சொத்தைப் பரிபாலித்தவன் பெரும்பாலும் மாமன். மலையாளத்து மருமக்கட்டாயத்திற் காரணவர் எப்படி அதிகாரம் செலுத்தினாரோ அப்படியே. கோயில் வண்ணக்கரும் பள்ளிவாசல் மரைக்காரும் ஆண்களே. பெண்வழியாக உரிமை வந்தது. ஆணின் வாய்வழியாக அது பேசப்பட்டது. அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் வீடு கட்டிக் கொடுப்பதற்காக இளமையைக் கடலிலும் வயலிலும் தொலைத்த ஆண்களும் பலர். பிற்காலத்தில் மகளின் வீட்டுக்குக் கல் வாங்குவதற்காக வளைகுடா நாடுகளில் பணிப்பெண்களாய் உழைத்த தாய்மாரும் பலர். போடியார் வீட்டு மகளுக்குச் சீதனம் சிறப்பு. கூலிக்காரன் வீட்டு மகளுக்கு அது கடன்.

முஸ்லிம் விவாகப் பதிவிலும் இம்முரண் வெளிப்படும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகனின் கையொப்பத்தையும் மணமகள் சார்பில் நிற்கும் வலியின் கையொப்பத்தையும் கேட்டது. மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. எந்தப் பெண்ணின் வீட்டில் அவ்விவாகம் வாழப்போகிறதோ, எந்தப் பெண்ணின் குடியில் பிள்ளைகள் எண்ணப்படப் போகின்றனரோ, அவள் கைபடாத தாள் அது. அதை மாற்ற வேண்டுமென்று முஸ்லிம் பெண்களே ஆண்டாண்டாய்க் குரல் கொடுத்து வந்திருக்கின்றனர். நாளை அத்தாளைக் கையிலெடுத்துக் கொள்ளுப்பாட்டியைத் தேடும் மாணவன், அவள் தந்தையின் கையெழுத்தையே காண்பான்.

பெயரிடும் முறையும் தேடுவோரை அலைக்கழிக்கும். நமக்குக் குடும்பப் பெயரில்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகும். அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்து மாறிவிடும். காரைதீவு பெற்ற பெரும் புதல்வரை எடுத்துக்கொள்வோம். 1892இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மையாருக்கும் பிறந்த மயில்வாகனம், பின்னர் துறவு பூண்டு விபுலானந்தராகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகி, 1947இல் ‘யாழ் நூல்’ தந்து மறைந்தார். கண்ணம்மையார் என்ற பெயரை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். மகன் பெரியவரானதால் அறிவர். அவருடைய காலத்தில் அதே மணலில் நடந்து, அதே கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிக் குளிர்த்திக்குக் கூடிய மற்றைப் பெண்களின் பெயரைச் சொல்ல எந்த ஏடு இருக்கிறது? இறந்தோர் நினைவாக முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் ‘கல்வெட்டு’ நூல்களில் வம்சாவளி மரங்கள் வருகின்றன. நூலகம் நிறுவனம் போன்றவை அவற்றைத் திரட்டிப் பேணுவது பாராட்டத்தக்கது. ஆனால் அச்செலவைத் தாங்கக்கூடிய வீடுகளின் மரங்களே அவற்றில் தழைக்கின்றன.

கல்வெட்டு என்ற சொல் மட்டக்களப்பில் இன்னொரு பொருளிலும் வழங்கியது. கோயில் உரிமைகளையும் குடிகளின் வரிசைகளையும் கூறும் ஏட்டுச் சுவடிப் பாடல்களுக்கும் கல்வெட்டு என்றே பெயர். கல்லில் வெட்டாத கல்வெட்டு! எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ இவ்வகைச் செய்திகளைத் திரட்டித் தருகிறது. அரசர் வந்ததும் குடிகள் வகுத்ததும் வரிசை வழங்கியதுமாக அந்நூல் விரிகிறது. அதை வரலாறாக அப்படியே ஏற்பதும் பிழை. கட்டுக்கதையென்று எறிவதும் பிழை. எவருக்கு முதல் மரியாதை, எவருக்கு இரண்டாவது என்ற வழக்குகள் நடந்த சமுதாயத்தில் இப்பாடல்கள் சாட்சிப் பத்திரங்களாயின. வரிசை கேட்பவன் வம்சம் சொல்வான். கோயிலுக்கு வெள்ளை விரித்த வண்ணாருக்கும், பறையறைந்தோருக்கும், சிறைகுடிகள் என்று அழைக்கப்பட்டோருக்கும் ஊழியமே அங்கு சொல்லப்பட்டது. முஸ்லிம் ஊர்களில் ஒஸ்தா என அழைக்கப்பட்ட நாவிதர் நிலையும் இதற்கு வெகு தூரமன்று. அமெரிக்காவில் 1850, 1860ஆம் ஆண்டுக் குடிமதிப்புகள் அடிமைகளை எசமானன் பெயரின் கீழ் வயதும் பாலும் நிறமும் மட்டும் எழுதி எண்ணின. அவர்கள் அனைவரும் பெயருடன் எழுதப்பட்டது 1870இற்றான். நம்மூர் வண்ணாரின் பேரன் தன் மூதாதையைத் தேடும்போது மோதுகின்ற சுவரும் அத்தகையதே.

வம்சத்தேட்டம் அரசியலானதற்கு இந்நாட்டில் பழைய சான்று உண்டு. 1885இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதித்தார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து, சோனகரின் மூதாதையர் அரபியர் என்று எழுதினார். சட்டசபையில் யாருக்கு யார் பிரதிநிதி என்ற போட்டி அக்காலத்துப் பின்னணி. அவ்விவாதம் பெரிதும் கப்பலில் வந்திறங்கிய ஆண்களையே சுற்றிச் சுழன்றது. வந்தவன் அரபியனா, காயல்பட்டினத்தானா? இரு கட்சியாரும் கொழும்பில் இருந்து வாதிட்டனர், ‘என்ன குடி?’ என்று கேட்கும் கரையில் அல்ல. இக்கரையின் மரபுக் கதையோ வேறு விதமாகப் பேசுகிறது. திமிலருக்கும் முக்குவருக்கும் மூண்ட போரில் முஸ்லிம்கள் முக்குவருக்குத் துணை நின்றனர் என்றும், வென்றபின் முக்குவப் பெண்களை மணந்தனர் என்றும் அக்கதை கூறும். அதன் நாளும் ஆண்டும் நிறுவப்படாதவை. கண்டியரசன் செனரத் 1626இல் போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்கள் 4000 பேரை மட்டக்களப்பிற் குடியேற்றினான் என்ற செய்தியும் வழங்குகிறது. போரும் குடியேற்றமும் எவ்வாறாயினும், குடிமுறை இரு சமூகத்திலும் ஒரே அச்சில் வார்த்தது போலிருப்பதற்கு, பொதுவான தாய்மார் இருந்திருக்க வேண்டும் என்பதே இயல்பான விளக்கமாக நமக்குத் தோன்றுகிறது.

இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. குடிமுறை பொதுவாயிருந்தது கத்தியையும் நெருப்பையும் தடுக்கவில்லை. 1985 ஏப்ரலில் இரு சமூகத்துக்குமிடையே மூண்ட கலவரத்தில் காரைதீவில் வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் மாறி மாறி அகதிகளாயின. அதன் பின்னர் இரு பக்கத்திலும் தூய வம்சம் தேடும் ஆர்வம் வளர்ந்தது. ஒருசாரார் அரேபியாவிலும் மற்றொருசாரார் கலிங்கத்திலும் தந்தையரைத் தேடுகின்றனர். அம்மம்மாவும் உம்மம்மாவும் பக்கத்து வளவில் அடக்கம்.

அதன்பின் 2004 டிசம்பர் 26. கடல் இக்கரையின் வீடுகளையும் பெட்டகங்களையும் அவற்றிலிருந்த உறுதிகளையும் கொண்டு போயிற்று. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் அரசு கிழக்கில் விதித்தது. தாய், மகள், பேத்தி என வழிவழியாக வந்த வளவுகள் அதனாற் கலைந்தன. மாற்றாக வழங்கிய வீடுகளுக்குக் ‘குடும்பத் தலைவர்’ யார் என்று உத்தியோகத்தர் கேட்டனர். கேள்வியின் அச்சில் விடையும் ஆணாயிற்று. சீதனமாகத் தாயிடமிருந்து வந்த வீட்டை இழந்த பெண்கள் பலருக்குக் கணவன் பெயரில் வீடு வந்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் அரச காணி வாரிசில் மகளுக்கு முன் மகனை நிறுத்தியிருந்தது. அது 2022இற்றான் திருத்தப்பட்டது. 1876இல் ஒரு சட்டம் தொடங்கியதைச் சுனாமிக்குப் பின் ஒரு விண்ணப்பப் படிவம் தொடர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆகவே இப்பகுதி ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் பெரும் பணமும் வேண்டியதில்லை. வகுப்பிலுள்ள ஒவ்வொரு மாணவரும் தம் தாயின் தாயையும், அவருடைய தாயையும் பெயர் சொல்லி எழுதட்டும். எந்த வளவிற் பிறந்தார், எந்த வளவைச் சீதனமாகப் பெற்றார், எந்தக் குடி, எந்த வயிற்றுவார், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி யார், அவ்வீட்டில் வேலை செய்தோர் பெயர் என்ன, அவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பவற்றையும் கேட்டு எழுதட்டும். உறுதி எஞ்சியிருந்தால் நான்கெல்லையையும் பிரதி செய்யட்டும். காரைதீவுப் பாடசாலையில் எழுதியதையும் நிந்தவூர், சாய்ந்தமருதுப் பாடசாலைகளில் எழுதியதையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட வேண்டும். எல்லை சொல்லும் அயலவரின் பெயர் மறு கட்டில் வீட்டுக்காரரின் பெயராக இருக்கக்கூடும். உறுதியே இல்லாத வீட்டுப் பிள்ளைகளிடம் முதலிற் போக வேண்டும். எண்பது வயதைக் கடந்த பெண்கள் இவ்வூர்களில் இன்னும் இருக்கின்றனர். குடியை வரிசை தவறாமற் சொல்லக்கூடியோர் அவர்களுட் சிலரே.